‘கடைப் பேரை ரிஜிஸ்டர் பண்ணியாச்சு’: அது எந்தப் பதிவு?

‘எங்க பேருக்கு பேட்டன்ட் வாங்கிட்டோம்’ என்பார் ஒருவர். ‘லோகோவுக்கு காப்பிரைட் எடுத்தாச்சு, இனிமே எவனும் தொட முடியாது’ என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஜிஎஸ்டி சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டு, கடைப் பெயர் தனக்கே சொந்தமாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். மூவரும் நினைப்பது வணிகச்சின்னம் என்ற ஒன்றைத்தான். ஆனால் மூவர் கையிலும் அது இல்லாமலிருக்கலாம். வியாபாரம் சிறியதாக இருக்கும்வரை இந்தக் குழப்பத்தால் நட்டம் தெரியாது. பெயர் நாலு ஊருக்குப் பரவி, அதே பெயரில் வேறொருவர் பாக்கெட் போடும் நாளில்தான் தெரியும்.

இங்கே சொல்லப்படுவது இந்தியச் சட்டம்: 1999ஆம் ஆண்டின் வணிகச்சின்னங்கள் சட்டமும், அதன்கீழ் 2017இல் வந்த விதிகளும்.

பாத்திரத்தில் வெட்டிய பெயர்

கல்யாண வீட்டுக்கு ஊரே அண்டா, குண்டான், தாம்பாளம் கொடுத்து உதவும். விருந்து முடிந்ததும் எல்லாம் கழுவி ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். யாருடையது எது? விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயர் பாத்திரத்தின் தரத்தைச் சொல்வதில்லை. எப்படிச் செய்தார்கள் என்றும் சொல்வதில்லை. ‘இது இன்னார் வீட்டிலிருந்து வந்தது’ என்ற ஒன்றை மட்டும் சொல்கிறது.

வணிகச்சின்னத்தின் வேலையும் அதுதான். ஒரு பொருளோ சேவையோ யாரிடமிருந்து வருகிறது என்பதை வாங்குபவருக்குக் காட்டும் அடையாளமே வணிகச்சின்னம். பேச்சு வழக்கில் டிரேட்மார்க். அது ஒரு சொல்லாக இருக்கலாம். படம், எழுத்து, எண், கையெழுத்து, நிறங்களின் சேர்க்கை, பாட்டிலின் வடிவம், பொட்டலத்தின் தோற்றம் என்றும் இருக்கலாம்.

மற்ற இரண்டையும் இதே பாத்திரத்தை வைத்துப் பிரித்துவிடலாம். பால் பொங்கி வழியாத ஒரு புது வகைப் பாத்திரத்தைக் கண்டுபிடித்தால், அந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது பேட்டன்ட். பாத்திரத்தின்மேல் வரைந்த ஓவியத்துக்கு உள்ளது காப்பிரைட். ‘யாருடைய பாத்திரம்’ என்று காட்டும் பெயருக்கு உள்ளதுதான் டிரேட்மார்க். ஒரு பெயருக்கு பேட்டன்ட் கிடைக்கவே கிடைக்காது. ஒன்றிரண்டு சொற்கள் கொண்ட வெறும் பெயருக்குக் காப்பிரைட்டும் கிடையாது.

மற்ற சான்றிதழ்கள் எதற்கு?

ஜிஎஸ்டி பதிவு வரி கட்டுவதற்கு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் உணவுப் பாதுகாப்புக்கு. உத்யம் சான்று நீங்கள் சிறு தொழில் செய்பவர் என்பதற்கு. இணைய முகவரி வாங்குவது ஒரு முகவரியைக் குத்தகைக்கு எடுப்பதுதான். இவற்றில் எதுவும் பெயரின்மேல் உங்களுக்கு உரிமை தராது. ஆனால் ‘இந்தத் தேதியிலிருந்தே இந்தப் பெயரில் தொழில் நடக்கிறது’ என்று நிரூபிக்க இவை எல்லாமே உதவும். ஆகவே பத்திரமாக வைத்திருங்கள்.

கம்பெனி பதிவுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. ‘அரசாங்கமே பெயருக்கு அனுமதி கொடுத்துவிட்டது’ என்று தோன்றும். ஆனால் கம்பெனிகள் சட்டத்தின் 16ஆவது பிரிவு, தன் பதிவு செய்த சின்னத்தோடு ஒத்துப்போகும் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டால், மூன்று ஆண்டுகளுக்குள் மனுக்கொடுத்து அதன் பெயரையே மாற்ற வைக்கும் வழியைச் சின்னத்தின் உரிமையாளருக்குத் தருகிறது. கம்பெனிப் பெயர் உங்களுக்குக் கேடயம் ஆகாது.

சுருக்கமாக: வணிகச்சின்னம் என்பது ‘யாரிடமிருந்து’ என்பதன் அடையாளம். அதற்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. வேறு எந்தப் பதிவும் அதற்கு ஈடாகாது.

எந்தப் பெயர் நிற்கும், எது விழும்?

இந்த ஒரு கேள்வியில் தவறினால் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

மிளகாய்ப் பொடிக்கு ‘மிளகாய்ப் பொடி’ என்றே பெயர் வைத்தால் அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அது பொருளின் பெயர். ‘காரசாரம்’, ‘சுத்தம்’, ‘நம்பர் ஒன்’ போன்றவை பொருளின் குணத்தைச் சொல்பவை. அதே தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவைப்படும். ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பொருளை எப்படி வர்ணிப்பார்கள்? இத்தகைய பெயர்களைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு தடுக்கிறது. பல ஆண்டுகள் ஓடி, அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்களுக்கு உங்கள் பொருள்தான் நினைவுக்கு வருகிறது என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. அந்த நிரூபணம் எளிதல்ல. பெரிய நிறுவனங்களே இதில் தோற்றிருக்கின்றன. நூடுல்ஸ் பாக்கெட்டில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்டுவந்த ஐடிசி, போட்டியாளரான நெஸ்லே ‘மேஜிக்கல் மசாலா’ என்று போட்டதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. புகழ்ச்சிச் சொல்லையும் பொதுச் சொல்லையும் ஒருவர் தனியுடைமை ஆக்கிக்கொள்ள முடியாது என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அடுத்தது, பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல். மசாலாப் பொடிக்கு ‘தூக்கணாங்குருவி’ என்று பெயர் வைத்ததாக வைத்துக்கொள்வோம். குருவிக்கும் மசாலாவுக்கும் தொடர்பில்லை; அதனாலேயே இது வலுவான சின்னம். அகராதியில் இல்லாத, நீங்களே கட்டிய சொல் இதைவிடவும் வலுவானது. விளம்பரம் செய்பவர்கள் ‘பெயரைக் கேட்டாலே பொருள் புரிய வேண்டும்’ என்பார்கள். சட்டம் நேர் எதிராகச் சொல்கிறது. இந்த இழுபறியில் சட்டத்தின் பக்கம் சாய்வதே நல்லது. பெயரைப் பிரபலப்படுத்த முதலில் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆனால் பிறகு அதைக் காப்பாற்றுவது எளிது.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. ஒன்று, சாமி பெயர். முருகன், மீனாட்சி, ஐயனார் என்று வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே பலர் இருப்பார்கள். உங்கள் பங்கு மெலிந்துவிடும். புனித நூல்களின் பெயருக்கு இன்னும் இறுக்கம்: ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற சொல்லைத் தனியுடைமையாகக் கேட்டவரின் கோரிக்கையை 2015இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டு, ஊர்ப் பெயர். ஊரின் பெயரைத் தனி ஒருவருக்குத் தரமாட்டார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் ஆகியவை பெற்றிருப்பது புவிசார் குறியீடு. அது வேறு சட்டம், வேறு பதிவேடு. அந்த ஊரில் முறைப்படி தயாரிப்பவர்களுக்குப் பொதுவான உரிமை அது. ஒரு கடைக்கு மட்டும் உரியதல்ல.

45 அறைகள் கொண்ட வீடு

உலகில் விற்கப்படும் பொருள்களையும் சேவைகளையும் பதிவேடு 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். மசாலா, காபி, டீ, அரிசி, மாவு, இனிப்பு வகைகள் 30இல் வரும். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் பால் பொருள்களும் 29. குளிர்பானம் 32, ஆயத்த ஆடை 25, நகை 14. உணவகம் நடத்துவது 43. பல நிறுவனங்களின் பொருள்களை வாங்கிக் கடை போட்டு விற்பது 35.

உரிமை நீங்கள் கேட்ட வகுப்பில், நீங்கள் எழுதிக் கொடுத்த பொருள்களுக்கு மட்டுமே கிடைக்கும். மசாலாவுக்கு 30இல் மட்டும் பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டே ஊறுகாய் போட்டால் அதற்குத் தனியாக 29இல் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பிறகு பொருள் பட்டியலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் உண்மையாகவே விற்க நினைப்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்காக வகுப்பில் உள்ள எல்லாவற்றையும் அள்ளிப் போடவும் வேண்டாம். விற்காத பொருளால் பின்னால் வரும் வம்பைக் கீழே பார்க்கலாம்.

ஒரே பெயர் இரண்டு பேரிடம் இருக்க முடியுமா? முடியும். கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’ பாலுக்கும், பெங்களூரின் ‘நந்தினி டீலக்ஸ்’ உணவகத்துக்கும் நடந்த வழக்கில், பால் வேறு, உணவகம் வேறு, வாங்குபவர் குழம்பமாட்டார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கூடவே, உணவகத்தின் பதிவு பாலுக்கும் பால் பொருள்களுக்கும் செல்லாது என்றும் வரம்பு கட்டியது.

வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குவோமா?

நிலம் வாங்கும்முன் வில்லங்கச் சான்று பார்ப்பதைப் போல, பெயர் வைக்கும்முன் பதிவேட்டில் தேட வேண்டும். மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமை இணையதளத்தில் இந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை. அங்கே எழுத்தை வைத்தும் தேடலாம், ஒலியை வைத்தும் தேடலாம். பெரும்பாலோர் எழுத்துத் தேடலோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது.

இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வக்கீல் பார்ப்பதைப்போல நீதிமன்றம் பார்ப்பதில்லை. முன்பு எப்போதோ வாங்கிய பொருளின் பெயரை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு கடையில் கேட்கும் சராசரி மனிதர் குழம்புவாரா என்றுதான் பார்க்கிறது. ‘அமிர்ததாரா’, ‘லட்சுமண்தாரா’ என்ற இரண்டு மருந்துப் பெயர்களைப் பற்றிய 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலை வைத்து, இரண்டும் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்றது. முன்பாதி வேறுதான், ஆனால் மொத்தமாகக் காதில் விழும் ஓசை ஒன்றுபோல் இருக்கிறது.

ஆகவே ‘தூக்கணாங்குருவி’ என்று தேடும்போது ஆங்கில எழுத்தில் சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ‘குருவி’ என்று தனியாகவும் தேடுங்கள். 30இல் மட்டும் பாராமல் 29, 35, 43 ஆகியவற்றிலும் பாருங்கள். பதிவேட்டில் இல்லாத பழைய கடைகளும் உண்டு. அவற்றுக்குச் சந்தையிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் ஒரு சுற்று வர வேண்டும்.

சுருக்கமாக: பொருளை வர்ணிக்காத பெயர், சரியான வகுப்பு, ஓசையையும் சேர்த்துத் தேடிய தேடல். இந்த மூன்றும் அமைந்த பிறகே விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்டுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது.

விண்ணப்பம்

படிவத்தின் பெயர் டிஎம்-ஏ. தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களுக்குச் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம். இணையவழியில் கொடுத்தால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. காகிதத்தில் கொடுத்தால் 5,000, 10,000. தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர் தனிநபர்தான். கூட்டு நிறுவனமும் கம்பெனியும் குறைந்த கட்டணம் கேட்டால் உத்யம் சான்றை இணைக்க வேண்டும். வக்கீலோ பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்டோ தாக்கல் செய்தால் அவர்கள் கூலி தனி. நீங்களே தாக்கல் செய்யவும் சட்டத்தில் தடையில்லை. இணையவழிக்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்.

படிவம் சின்னதுதான். ஆனால் நான்கு கட்டங்களில் தடுமாறுபவர்கள் அதிகம்.

யார் பெயரில்? பங்குதாரர்கள் மூவர் இருக்க, ‘வேலை சீக்கிரம் முடியட்டும்’ என்று ஒருவர் பெயரில் போட்டுவிடுவார்கள். பங்காளிகள் பிரியும் நாளில் சின்னம் அவர் கையோடு போய்விடும். கூட்டு நிறுவனம் என்றால் எல்லாப் பங்குதாரர்களின் பெயரும் வர வேண்டும்.

சொல்லா, படமா? எந்த அலங்காரமும் இல்லாத சொல்லாகப் பதிந்தால், எந்த எழுத்துருவில் எழுதினாலும் அந்தச் சொல்லுக்குப் பாதுகாப்பு. லோகோவாகப் பதிந்தால் அந்த மொத்தத் தோற்றத்துக்குத்தான் பாதுகாப்பு. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனி உரிமை வந்துவிடாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லைப் பதியுங்கள். லோகோ ஐந்தாறு ஆண்டுகளில் மாறும், சொல் மாறாது. விண்ணப்பித்த பின் சின்னத்தைப் பெரிதாக மாற்றவும் விடமாட்டார்கள். லோகோவை வெளியாளிடம் வரையக் கொடுத்திருந்தால், அதன் காப்பிரைட்டை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் சின்னமா? அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் தர வேண்டும். விட்டால் குறைக் கடிதம் வரும்.

எந்தத் தேதியிலிருந்து பயன்பாடு? இன்னும் தொடங்கவில்லை என்றால் ‘பயன்படுத்த உத்தேசம்’ என்று போடலாம். தொடங்கியிருந்தால் தேதியைச் சொல்லி, பிரமாணப் பத்திரமும் பில், லேபிள் அச்சடித்த ரசீது, விளம்பரம் போன்ற ஆதாரங்களும் இணைக்க வேண்டும். முன்தேதி போட்டால் பலம் கூடும் என்று இல்லாத தேதியைப் போடாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் உடைப்பது அதைத்தான். ஒரு தேதி பொய்யானால் உங்கள் மற்ற ஆதாரங்களையும் நம்பமாட்டார்கள்.

விண்ணப்பித்த பிறகு நடப்பது

எண் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் விண்ணப்பங்கள் சாகின்றன.

அலுவலர் ஒருவர் ஆராய்ந்து அறிக்கை அனுப்புவார். பெயர் வர்ணனையாக இருக்கிறது என்றால் 9ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள சின்னத்தை ஒத்திருக்கிறது என்றால் 11ஆவது பிரிவு. அறிக்கை மின்னஞ்சலில் வரும். 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அது பார்க்காத மின்னஞ்சல் பெட்டியிலோ, பழைய ஏஜென்டின் முகவரியிலோ கிடந்து கெடு தாண்டினால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். மாதம் ஒருமுறை இணையதளத்தில் எண்ணைப் போட்டு நிலையைப் பார்ப்பது இதற்கு எளிய மருந்து. பதில் போதவில்லை என்றால் விசாரணைக்கு அழைப்பார்கள். அது காணொலியில் நடக்கும்.

ஏற்றுக்கொண்டால் வாரந்தோறும் வரும் வணிகச்சின்ன இதழில் வெளியிடுவார்கள். நில விற்பனைக்கு முன் ‘ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்’ என்று நாளிதழில் அறிவிப்பு வருமே, அதே நோக்கம்தான். 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். எதிர்ப்பு வந்தால், அதன் நகல் கிடைத்த 2 மாதத்துக்குள் நீங்கள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது. தவறினால், உங்கள் தரப்பு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் விண்ணப்பம் போய்விடும். எதிர்ப்பு இல்லாவிட்டால் சான்றிதழ் வரும்.

இதழில் உங்கள் பெயரும் முகவரியும் வெளியாவதால் வேறொரு தொல்லையும் உண்டு. அரசு ரசீதுபோலத் தோற்றமளிக்கும் கடிதங்கள், ‘சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க’ என்று பணம் கேட்டு வரும். உங்கள் விண்ணப்பத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பணம் கட்டாதீர்கள்.

டி.எம். என்ற சிறு எழுத்துகளை விண்ணப்பிக்காதவரும் போட்டுக்கொள்ளலாம். ‘இதை என் சின்னமாகக் கருதுகிறேன்’ என்ற அறிவிப்பு மட்டுமே அது. வட்டத்துக்குள் ஆர் எழுத்தைச் சான்றிதழ் வந்த பிறகுதான் போடலாம். அதற்குமுன் போடுவது சட்டத்துக்குப் புறம்பு. லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும்முன் இதைச் சரிபாருங்கள்.

பதிவா, பழக்கமா?

யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே பெயர் சொந்தம் என்பது பரவலான நம்பிக்கை. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பே நேர்மையாகப் பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தவர், பின்னால் வந்து பதிந்தவரையும் தடுக்கலாம். ஒருவர் தன் பொருளை இன்னொருவருடையதுபோல விற்பதற்கு எதிரான இந்த வழக்கை வக்கீல்கள் ‘பாசிங் ஆஃப்’ என்பார்கள்.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்குச் சரியான சான்று. ‘இருட்டுக்கடை அல்வா’ என்ற பழைய கடையின் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று இன்னொருவர் விற்றார். அதற்குப் பதிவும் வாங்கியிருந்தார். இரு தரப்பிடமும் பதிவு இருந்த நிலையில், முன்பயன்பாட்டால் வந்த உரிமை பதிவைவிட மேலானது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் பழைய கடையின் பக்கம் நின்றது.

அப்படியானால் பதிவு எதற்கு? பட்டா இல்லாமல் அனுபவத்தை மட்டும் வைத்து நிலத்துக்கு வழக்காடுவதை நினைத்துப் பாருங்கள். ஜெயிக்கலாம், ஆனால் எத்தனை ஆண்டாக, எந்த ஊர்களில், எவ்வளவு விற்பனை, மக்கள் எப்படி அறிவார்கள் என்று ஒவ்வொன்றையும் நிரூபித்தாக வேண்டும். பதிவு இருந்தால் சான்றிதழே முதல்கட்ட ஆதாரம். உரிமை நாடு முழுவதற்கும் உண்டு. சின்னத்தை மீறியதற்கான வழக்கை, நீங்கள் தொழில் செய்யும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம்.

வேலி போட்டால் போதாது

பதிவு செய்துவிட்டால் அரசாங்கம் காவல் காக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காவல் உங்கள் வேலை. அமிர்ததாரா வழக்கின் மீதிக்கதை இதைச் சொல்கிறது: பெயர்கள் ஒத்திருக்கின்றன என்று முடிவான பிறகும், லட்சுமண்தாரா பல காலமாக விற்கப்படுவது தெரிந்தும் எதிர்த்தரப்பு சும்மா இருந்ததால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அதன் பதிவுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. இன்றைய சட்டத்திலும், பிறகு பதிந்த ஒரு சின்னம் புழங்குவது தெரிந்தே 5 ஆண்டு தொடர்ந்து வாய்மூடி இருந்தால், அது கெட்ட எண்ணத்தில் பதியப்படாதவரை, தடுக்கும் உரிமை போய்விடும்.

நிலத்தோடு ஒப்பிட்டுவந்தது இங்கே ஓரிடத்தில் பொருந்தாது. நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் பட்டா உங்களுடையதுதான். சின்னத்தைத் தரிசாகப் போட்டால், 5 ஆண்டுகளுக்குமேல் பயன்பாடே இல்லை என்று காட்டி, பாதிக்கப்பட்ட ஒருவர் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்கலாம். விற்காத பொருளை எல்லாம் பட்டியலில் அள்ளிப் போட வேண்டாம் என்றது இதனால்தான்.

யாரேனும் உங்கள் பெயரைப் போடுவதைக் கண்டால், முதலில் அந்தப் பொருளை பில்லோடு வாங்கி வையுங்கள். படம் எடுங்கள். அவர்கள் எப்போது தொடங்கினார்கள், பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு முந்தியவராக இருந்தால் நீங்கள் அனுப்பும் நோட்டீசே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராகவும் சட்டத்தில் வழக்குத் தொடர வழியுண்டு. நிலைமை உங்கள் பக்கம் என்றால் வக்கீல் நோட்டீஸ், இணைய விற்பனைத் தளத்தில் புகார், பிறகு நீதிமன்றம். அப்பட்டமான போலிச் சரக்கு என்றால் காவல்துறையும் வரலாம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்றுப் பறிமுதல் செய்யலாம்.

சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ சரக்கு அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியப் பதிவு கடல் தாண்டாது. இந்தியா 2013இல் சேர்ந்த மாட்ரிட் உடன்பாட்டின் வழியாக, இங்குள்ள விண்ணப்பத்தை வைத்தே அந்த நாடுகளிலும் கேட்கலாம். இங்கே விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் கேட்டால், இங்கே விண்ணப்பித்த தேதியே அங்கும் கணக்கில் வரும்.

கடைசியாகப் புதுப்பிப்பு. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் மேலும் பத்துப் பத்தாண்டாக நீட்டிக்கலாம். இணையவழியில் வகுப்புக்கு 9,000 ரூபாய். இங்கே தனிநபருக்குச் சலுகை கிடையாது. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே கட்டலாம். தவறினால் அடுத்த 6 மாதம் கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம். அதுவும் தவறினால், முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மீட்கக் கேட்கலாம். இந்த 10 ஆண்டு எண்ணப்படுவது சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து. எதிர்ப்பு வழக்கில் மூன்று ஆண்டு போயிருந்தால், சான்றிதழ் வரும்போது மீதம் ஏழுதான் இருக்கும். நாள்காட்டியில் விண்ணப்பத் தேதியைக் குறித்து வையுங்கள்.